ஓல்ட்டனில் ஆண்டுப் பொதுக்கூட்டம்

ஓல்ட்டனில் எங்களில் யாருக்கும் வீடில்லை.
ஜெனீவாவுக்கும் சென்காலனுக்கும் பாசலுக்கும்
பாதி வழி என்பதால்
பழைய மாணவர் சங்கத்துக்கு இதுவே தலைநகர்.
ஆரே ஆற்றின் பனிப்புகார்
ரயில் மேடைவரை ஏறிவந்து
ஒவ்வொருவராய்க் கூட்டிப் போகும்.

தேவாலய மண்டபம், மணிக்கு நாற்பது பிராங்.
ஐந்துக்குள் கூட்டித் துடைத்து
கதிரைகளை எண்ணித்
திறப்பை ஒப்படைக்க வேண்டும்.
எடுத்தது அறுபது கதிரை.
நிரம்பியது இருபத்திரண்டு.
நான் பொருளாளர்; எண்ணுவது என் வியாதி.

முதலில் மௌன அஞ்சலி. இந்த முறை நான்கு பேர்.
பிறகு வடை.
பிறகு வளைவு.

வளைவு என்றால்
எழுபத்தொன்பதாம் ஆண்டு அணி
கல்லூரி வாசலில் கட்ட நினைப்பது,
கருங்கல்லில் கொடையாளர் பெயர்களோடு.
எண்பத்தோராம் அணிக்கு அது பிடிக்காது.
காரணம் வளைவல்ல;
ஒரு மத்தியான ஆட்டத்தில்
நடுவர் கொடுக்காத எல்.பி.டபிள்யூ.
அந்தப் பந்து இன்னும்
காலில் பட்டபடியே நிற்கிறது.

"இளையவை ஏன் வருகினமில்லை?"
குகதாசன் கேட்டார், ஆண்டுதோறும் கேட்பதுபோல.
எங்களுக்குப் பின்வந்த அணிகள்
எந்த நாட்டில், எந்த மண்ணுக்குள் என்று
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
பிள்ளைகளையும் சேர்ப்போம் என்றது ஒரு குரல்.
படிக்காத பள்ளிக்குப் பழைய மாணவரோ?
யாப்பின் மூன்றாம் விதி
உரக்க வாசிக்கப்பட்டது, இரண்டு தரம்.

சாருகா கதவோரம் இருந்தாள்.
கண் சத்திரசிகிச்சை முடிந்த தகப்பனைக்
காரில் கொண்டுவந்தவள்.
பாசலில் ஆய்வுகூட வேலை.
மூன்றாம் விதி அவளுக்கு விளங்கவில்லை.
"அங்க இப்ப ஆரோட கதைக்கிறனீங்கள்?"
அவ்வளவுதான் கேட்டாள்.

அதிபரின் இலக்கம் என்னிடம் இருந்தது.
அவர் ஓய்வுபெற்று ஆறு வருடம்.
அவருடைய மருமகன், மருமகனின் சிநேகிதன்
என்று இழுபட்டுக்
கடைசியில் திரையில் ஒரு விஞ்ஞான ஆசிரியை,
திருமதி பவளராணி.
அங்கே இரவு ஏழரை. பின்னால் குக்கர் விசிலடித்தது.

நாங்கள் அனுப்பிய பதினொரு கணினிகளும்
சேலைத் துண்டுக்குள் நித்திரை என்றார்,
மின்கட்டணம் கட்ட ஆளில்லாமல்.
வளைவைப் பற்றி அவருக்குத் தெரியாது.
வேண்டியது எரிவாயு.
சிலிண்டர், மாதம் ஒன்று.
சுவாலையின் நிறத்தைப் பிள்ளைகள்
புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறார்கள்,
எழுதிச் சித்தியும் அடைகிறார்கள்.

"சிலிண்டரில எங்க பேர் வெட்டுறது?"
எழுபத்தொன்பது கேட்டது.
பகிடிக்கு அல்ல.
எரிந்து முடிகிற ஒன்றைத் திறந்துவைக்க
நாடா வெட்ட முடியாது என்பது
மண்டபத்துக்கு மெல்ல மெல்ல விளங்கியது.

ஆளுக்கு மாதம் பத்து பிராங்.
ஒரு கோப்பி, பாதிப் பணிஸ்.
சாருகா ஒரு கையால் கதிரை அடுக்கிக்கொண்டே
மறுகையால் வங்கிக்கு
மாதாந்தக் கட்டளை கொடுத்தாள்.
பற்றுச்சீட்டில் ஒரு கட்டம்: கல்வி கற்ற ஆண்டு.
நான் பேனாவோடு நின்றேன்.
"அங்கிள், அஞ்சு நிமிசம்தான் இருக்கு,
திறப்புக் குடுக்கோணும்."
வெறுமையாய் விட்டேன்.
இருபது வருடக் கணக்கில்
நான் விட்ட முதல் வெற்றிடம்.

குகதாசன் விடைபெறாமலே
கூர் ரயில் ஏறினார்.
வளைவு ஒத்திவைக்கப்பட்டது.

மாசியில் பவளராணியின் செய்தி.
படமில்லை, பொன்னாடை இல்லை,
நன்றிகூட இல்லை.
"சிலிண்டர் முடிஞ்சுது. அடுத்தது எப்ப?"

பெருமதிப்புக்குரிய என்று தொடங்கும் கடிதங்களை
இத்தனை காலமும் கோப்பில் துளைபோட்டு அடுக்கியவன்
இதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.
கடனைக் கேட்பதுபோல,
பக்கத்து வீட்டில் சீனி கேட்பதுபோல.
ஒரு சொல்லும் சேர்க்காமல்
எல்லோருக்கும் அனுப்பினேன்.

இரவுக்குள் ஏழு பேர்
கணக்கு இலக்கம் கேட்டார்கள்.
எட்டாவது, நள்ளிரவு தாண்டி, கூரிலிருந்து:
"இதுக்குப் பற்றுச்சீட்டு தருவியளோ?"